கல்யாணம் ஆச்சா என்று கேட்டுவிட்டுத்தான் வேலை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மகளிர் தினத்துக்கு உங்கள் நாளிதழோடு வந்த இணைப்பைப் படித்தேன். எந்தெந்த கம்பெனியில் பெண்கள் எத்தனை சதவீதம், யார் யார் எவ்வளவு பேரை வேலைக்கு எடுத்திருக்கிறார்கள், மனிதவள அதிகாரிகள் தங்கள் கம்பெனியின் பன்முகத்தன்மை பற்றிச் சொன்ன பெருமைகள், எல்லாம் இருந்தது. தொப்பியும் முகக்கவசமும் போட்டு வரிசையாக உட்கார்ந்து வேலை பார்க்கும் பெண்களின் படமும் பெரிதாகப் போட்டிருந்தீர்கள். முகம் மறைந்திருந்தாலும் வயது தெரிகிறது சார். எல்லோரும் இருபது, இருபத்திரண்டு. அந்த இணைப்பில் யாரும் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியைக் கேட்கத்தான் எழுதுகிறேன். இவர்களில் கல்யாணம் ஆனவர்கள் எத்தனை பேர்?

நான் வாலாஜாபாத் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், லேமினேஷன் மிஷின். ஆன்லைன் விண்ணப்பம், பயோடேட்டா, பாஸ்போர்ட் போட்டோ எல்லாம் செய்து தருவேன். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகளில் பலர் என் கடை வழியாகத்தான் போகிறார்கள். அதனால் கம்பெனிக்காரர்கள் மேடையில் பேசுவது எனக்கு அவ்வளவாகத் தெரியாது, ஆனால் அந்தப் பிள்ளைகள் பயோடேட்டாவில் எதைப் போடச் சொல்கிறார்கள், எதை எடுக்கச் சொல்கிறார்கள் என்பது நன்றாகவே தெரியும்.

ஆள் எடுக்கும் ஏஜென்ட்கள் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்திருப்பீர்கள். 'ஃபீமேல் மட்டும், வயது 18 முதல் 28, அன்மேரிட், பிளஸ் டூ அல்லது டிப்ளமோ, ரூம், கேண்டீன், பஸ் இலவசம், பிஎஃப், ஈஎஸ்ஐ உண்டு.' இதே வாசகம் பஸ் ஸ்டாப் தூணில் ஒட்டியிருக்கும், டீக்கடைச் சுவரில் ஒட்டியிருக்கும். ஒளிவு மறைவே கிடையாது. ஏதோ உயரம் இத்தனை, கண்பார்வை இப்படி என்று போடுவது மாதிரி கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது என்பதையும் ஒரு தகுதியாகப் போடுகிறார்கள், நாமும் அதைப் படித்துவிட்டுப் பேசாமல் போகிறோம்.

அப்புறம் அந்தச் செய்தியைக் காட்டிக்கொண்டு என் கடைக்கு ஒரு பெண் வருவாள். டிப்ளமோ முடித்தவள், இரண்டு வருடம் ஒரு கம்பெனியில் வேலையும் பார்த்திருக்கிறாள். பயோடேட்டா அடித்துக்கொண்டே வருவேன், 'திருமண நிலை' என்ற இடம் வந்ததும், "அக்கா, அதை இல்லைன்னு போட்டுடுங்க" என்பாள். கணவர் பெயருக்குப் பதில் அப்பா பெயர். முகவரியும் அம்மா வீடு. இண்டர்வியூவுக்குப் போகும் முன் கடை ஸ்டூலில் உட்கார்ந்து மெட்டியைக் கழற்றி பர்ஸில் போட்டுக்கொள்வாள். மெட்டி சீக்கிரம் வராது, பல மாதம் போட்டிருந்த விரல் தடித்துப் போயிருக்கும், கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவித் திருகித் திருகி எடுக்க வேண்டும். எடுத்த பிறகும் விரலில் வெளுப்பாக ஒரு வளையம் இருக்கும். செருப்புக்குப் பதில் ஷூ போட்டுக்கொண்டு போனால் தெரியாது என்று அதற்கும் ஒரு யோசனை வைத்திருக்கிறார்கள். தாலியைச் சிலர் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வருகிறார்கள், மனசு வராதவர்கள் சுடிதாருக்குள் ஊக்கு போட்டுக் குத்திக்கொண்டு போகிறார்கள். மாமியாருக்குத் தெரிந்தால் வேறு பிரச்சினை, கம்பெனிக்குத் தெரிந்தால் வேறு பிரச்சினை.

அதே ஏஜென்ட் டிரைவர் வேலைக்கும் ஃபோர்க்லிஃப்ட் வேலைக்கும் ஆம்பளைப் பசங்களை எடுக்கும்போது என்ன சொல்கிறார் தெரியுமா? "ஃபேமிலி மேனா இருந்தா நல்லது, பொறுப்பா இருப்பான், சட்டுன்னு வேலையை விட மாட்டான்." ஆணுக்குக் கல்யாணம் ஆகியிருந்தால் கூடுதல் மார்க், பெண்ணுக்கு ஆகியிருந்தால் கேட்டிலேயே திருப்பி அனுப்புகிறார்கள். அந்த ஏஜென்ட் ஒன்றும் கெட்ட மனிதர் இல்லை, என் கடைக்கு வந்தால் டீ வாங்கித் தருவார். "நாங்க என்னக்கா பண்றது, மேல இருந்து சொல்றாங்க" என்பார். மேலே கேட்டால் நாங்கள் அப்படிச் சொல்லவே இல்லை, ஏஜென்சிதான் அப்படி விளம்பரம் போடுகிறது என்பார்கள்.

இது ஏதோ எங்கள் ஊர்க் கதை என்று நினைக்க வேண்டாம். 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலையில் கல்யாணமான பெண்களை ஒதுக்குகிறார்கள் என்று பெரிய செய்தி வெளியிட்டது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் அறிக்கை கேட்டது, அதிகாரிகள் ஆலைக்கே போனார்கள். ஆலையில் 41,281 பேர் வேலை பார்க்கிறார்கள், அதில் 33,360 பேர் பெண்கள், அவர்களில் கல்யாணமானவர்கள் சுமார் 2,750 பேர் என்று அந்த அதிகாரிகளிடம் கம்பெனி தரப்பில் கணக்கு சொன்னதாகவும் செய்தி வந்தது. நூற்றுக்கு எட்டு. கம்பெனி குற்றச்சாட்டை மறுத்தது, புதிதாக எடுத்தவர்களில் நான்கில் ஒரு பங்கு கல்யாணமானவர்கள்தான் என்றது. அதிகாரிகள் உள்ளே பேசிப் பார்த்த கல்யாணமான பெண்களும் பாகுபாடு என்று புகார் சொல்லவில்லையாம். சரி, உள்ளே வேலையில் இருப்பவர் புகார் சொல்ல மாட்டார்தான். கேட்டில் திருப்பி அனுப்பப்பட்டவளை வீடு தேடிப் போய்க் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும்.

சதவீதம் என்று வந்தால் தமிழ்நாடு மார்தட்டிக்கொள்ள வேண்டிய மாநிலம்தான், அதை நான் மறுக்கவில்லை. 2019-20 ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பின்படி இந்தியா முழுவதும் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 43 சதவீதம் பேர் இங்கேதான் இருந்தார்கள். வேறு எந்த மாநிலமும் பக்கத்தில்கூட வர முடியாது. ஆனால் இது எப்படிப்பட்ட எண்ணிக்கை என்று பார்க்க வேண்டும். பதினெட்டு வயதில் உள்ளே வருகிறாள், மூன்று நான்கு வருடத்தில் கல்யாணம், வெளியே போகிறாள், அந்த இடத்துக்கு இன்னொரு பதினெட்டு வயதுப் பெண் வருகிறாள். எந்த வருடம் எண்ணினாலும் சதவீதம் குறையாது, ஓடுகிற பஸ்ஸில் ஸ்டாப்புக்கு ஸ்டாப் ஆள் இறங்கி ஆள் ஏறுவது போல. ஒருத்திகூட சூப்பர்வைசர் ஆகும் அளவுக்கு உள்ளே இருக்க மாட்டாள். ஆனால் அவள் லைனுக்கு சூப்பர்வைசராக வந்த பையன் அங்கேயே இருப்பான், கல்யாணம் பண்ணுவான், லீடர் ஆவான், மேனேஜர் ஆவான். பிறகு பெண்கள் ஏன் மேல் பதவிக்கு வரவில்லை என்று கருத்தரங்கம் நடத்துவார்கள்.

மேற்கு மாவட்ட மில்களில் இதற்குப் பழைய பெயர் ஒன்று உண்டு, சுமங்கலித் திட்டம். மூன்று வருடம் மில் விடுதியில் தங்கி வேலை பார், முடிவில் மொத்தமாக ஒரு தொகை தருகிறோம், உன் கல்யாணத்துக்கு ஆகும் என்று பெற்றோரிடம் பேசி, திண்டுக்கல், கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கத்து மில்களுக்குக் கிராமத்துப் பெண்களைக் கூட்டிப் போனார்கள். அதை எதிர்த்து எவ்வளவோ போராட்டம், வழக்கு எல்லாம் நடந்தது. அந்தப் பெயரை இப்போது யாரும் வெளியில் சொல்வதில்லை. ஆனால் கல்யாணம் வரைக்கும்தான் உனக்கு வேலை என்ற கணக்கு அப்படியே இருக்கிறது, ஏசி போட்ட ஆலைக்குள் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கம்பெனிக்காரர்கள் சொல்லும் காரணங்களையும் கேட்டிருக்கிறேன். கல்யாணமானால் லீவு அதிகம் எடுப்பார்கள், நைட் ஷிப்டுக்கு வீட்டில் விட மாட்டார்கள், பிள்ளை பெற்றால் ஆறு மாதம் சம்பளம் தர வேண்டும். கடைசியில் சொன்னதை முதலில் பார்ப்போம், ஏனென்றால் அதைத்தான் எல்லோரும் பெரிய நியாயம் போலச் சொல்கிறார்கள். 2017ல் மகப்பேறு விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக ஆக்கினார்கள், அந்தச் செலவு முழுக்க முதலாளி தலையில் விழுகிறது என்று அப்போதிருந்து புலம்பல். பெரிய சம்பளம் வாங்கும் ஐ.டி. பெண்ணுக்கு அது உண்மை. ஆனால் மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கி ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டில் இருக்கும் தொழிலாளிக்கு அந்த 26 வாரச் சம்பளத்தைக் கொடுப்பது கம்பெனி இல்லை, ஈஎஸ்ஐ கழகம். எங்கள் பக்கத்து லைன் வேலைக்குப் போகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்த வரம்புக்குள்தான் வருகிறார்கள். கம்பெனி மாதாமாதம் சம்பளத்தில் 3.25 சதவீதம் கட்டுகிறது, அதை ஆணுக்கும் கட்டுகிறது, கல்யாணமாகாத பெண்ணுக்கும் கட்டுகிறது. பெண் பிள்ளை பெற்றாள் என்பதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கட்ட வேண்டாம்.

இதில் இன்னொரு கொடுமை இருக்கிறது. அந்தப் பெண்ணின் சம்பளத்திலிருந்தும் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள். பதினெட்டு வயதிலிருந்து மாதம் தவறாமல் ஈஎஸ்ஐக்குக் கட்டுகிறாள். எதற்குப் பயன்பட வேண்டுமோ அந்தக் காரியம் வரும் முன்பே வேலையை விட்டுப் போகிறாள். கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடையும் அப்படித்தான், ஐந்து வருடம் தொடர்ந்து இருந்தால்தான் என்பது 1972ஆம் வருடச் சட்டம், மூன்று நான்கு வருடத்தில் போகிறவளுக்கு அது கிடையாது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன, குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஒரு வருடத்திலேயே பணிக்கொடை உண்டு என்கிறார்கள், நல்லதுதான், பார்ப்போம். என் கேள்வி என்னவென்றால், கல்யாணமானவளை எடுத்தால் நஷ்டம் என்கிறார்களே, கல்யாணத்தோடு போகிறவளால் இவர்களுக்கு எவ்வளவு மிச்சம் என்று யாராவது கணக்குப் போட்டார்களா? சீனியாரிட்டி இல்லை, சம்பள உயர்வு இல்லை, சங்கம் சேர நேரமும் இல்லை. விடுதியில் தங்கியிருக்கிறாள், ஓவர்டைம் என்றால் வீட்டில் சமையல் இருக்கிறது என்று சொல்ல முடியாது. லீவு பற்றிய கவலை எல்லாம் மேலுக்குச் சொல்வது, உள்ளே இருப்பது இந்தக் கணக்குதான் என்று எனக்குப் படுகிறது.

லீவு எடுப்பார்கள் என்ற காரணம் புதிதும் இல்லை. அறுபது வருடத்துக்கு முன்பே ஒரு பம்பாய் மருந்து கம்பெனி இதையே சொல்லியிருக்கிறது. ஒரு பிரிவில் வேலை பார்க்கும் பெண்களுக்குக் கல்யாணமானால் வேலை தானாகப் போய்விடும் என்று விதி வைத்திருந்தார்கள். அங்கே குழுவாகச் செய்ய வேண்டிய வேலை, ஒருவர் வராவிட்டால் கெட்டுப்போகும் என்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1965ல் நீதிமன்றம் அந்த விதியைத் தூக்கி எறிந்தது. விதவையும் கல்யாணமாகாதவளும் எடுக்காத என்ன லீவை கல்யாணமானவள் எடுக்கப் போகிறாள், மகப்பேறு விடுப்பு ஒன்றுதானே வித்தியாசம், அதற்குக் கூடுதலாகச் சிலரை வைத்துக்கொண்டால் போயிற்று என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். என் கடைக்கு அடிக்கடி வரும் ஒரு வக்கீல் சொல்லித்தான் எனக்கே தெரியும். சாதாரணமாக ஒரு வீட்டுப் பெண் சொல்லக்கூடிய பதில், அதற்கு டெல்லி வரை போக வேண்டியிருந்தது.

கம்பெனிகளை மட்டும் சொல்லி என்ன, அரசே அப்படித்தான் இருந்திருக்கிறது. வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் முத்தம்மா, சென்னையில் படித்தவர், பெண் அதிகாரி கல்யாணம் செய்துகொள்ள அரசிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்ற விதியை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார், 1979ல் நீதிபதி கிருஷ்ணய்யர் அரசை நன்றாகவே கேட்டுவிட்டார். ஆனால் இரண்டே வருடத்தில், 1981ல், ஏர் இந்தியா பணிப்பெண்கள் வழக்கில் முதல் பிரசவத்தோடு வேலை போகும் என்ற விதியை ரத்து செய்த அதே உச்ச நீதிமன்றம், சேர்ந்து நான்கு வருடத்துக்குள் கல்யாணம் செய்தால் வேலை போகும் என்பதை மட்டும் சரி என்று விட்டுவிட்டது. ராணுவ நர்ஸ் ஒருவரை 1988ல் கல்யாணம் செய்தார் என்று வேலையிலிருந்து அனுப்பினார்கள், அவருக்கு 60 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுங்கள் என்று தீர்ப்பு வந்தது 2024 பிப்ரவரியில். முப்பத்தாறு வருடம். வேலையில் இருந்தவரை நீக்கியதற்கே இவ்வளவு காலம் என்றால், வேலைக்கே எடுக்காமல் கேட்டில் திருப்பி அனுப்பினார்கள் என்று ஒரு கூலிக்காரர் மகள் எங்கே போய் வழக்குப் போடுவாள்?

சட்டமும் அவளுக்குக் கைகொடுப்பதாக இல்லை. ஆண், பெண் என்று பார்த்து வேலை மறுக்கக் கூடாது என்று 1976ஆம் வருட சம ஊதியச் சட்டத்தில் இருந்தது, இப்போதைய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. ஆனால் கல்யாணமானவள் என்று பார்த்து மறுக்கக் கூடாது என்று அதில் எழுதவில்லை. நாங்கள்தான் பெண்களை எடுக்கிறோமே, எண்பது சதவீதம் பெண்கள்தானே என்று கம்பெனி சொல்லிவிட்டுப் போகும்.

கர்ப்பமாக இருக்கும்போது வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று சட்டம் கறாராகவே சொல்கிறது. யாரும் நீக்குவதில்லை. கல்யாணத்தை மறைத்து வேலைக்குச் சேர்ந்தவள் நான்காம் மாதம், ஐந்தாம் மாதம் வயிறு தெரிய ஆரம்பித்ததும் அவளே என் கடைக்கு வந்து ராஜினாமாக் கடிதம் அடித்துக்கொண்டு போகிறாள். 'சொந்தக் காரணங்களுக்காக' என்று போடுங்கள் என்பாள். பொய் சொல்லிச் சேர்ந்தவள் என்று தெரிந்தால் பிஎஃப் பணத்துக்குச் சிக்கல் வருமோ என்ற பயம். அப்படியெல்லாம் இல்லை, அது உன் பணம் என்று சொன்னாலும் நம்புவதில்லை. இடையில் அவள் கணவர் பெயர் பிஎஃப் வாரிசு நியமனத்தில் இருக்காது, ஈஎஸ்ஐ அட்டையிலும் இருக்காது, இவள் கட்டிய பணத்தில் அந்தக் குடும்பம் ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரியில் வைத்தியம்கூடப் பார்த்திருக்க முடியாது.

எல்லாப் பழியும் கம்பெனி மேல் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மருமகள் ஷிப்டுக்குப் போகக் கூடாது என்று நிறுத்தும் வீடுகளை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். சம்பளம் வேண்டும், ஆனால் ஆறு மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்பார்கள். பெண்கள் இரவில் ஆலையில் வேலை செய்யக் கூடாது என்றிருந்த தடையை 2000ஆம் வருடமே சென்னை உயர் நீதிமன்றம் நீக்கிவிட்டது, மாமியார் நீக்கவில்லை. ஆனால் வேலை வேண்டும் என்று மெட்டியைக் கழற்றிக்கொண்டு வருகிறவள் வீட்டைச் சமாளித்துவிட்டுத்தானே வருகிறாள். அவளிடம் நைட் ஷிப்டுக்கு வருவாயா என்று கேளுங்கள், வரமாட்டேன் என்றால் எடுக்க வேண்டாம். கல்யாணம் ஆச்சா என்று எதற்குக் கேட்க வேண்டும்?

அரசு விஷயத்துக்கு வருகிறேன். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகால் சிப்காட் தொழிற்பேட்டையில் 18,720 பேர் தங்கும் பெண்கள் விடுதியைத் திறந்தார்கள். 700 கோடிக்கு மேல் செலவு. போய்ப் பார்த்தேன், வெளியிலிருந்துதான், பிரமாண்டமாக இருக்கிறது. தனியாக வரும் பெண்ணுக்கு நல்ல பாதுகாப்பு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 18,720 கட்டிலில் கைக்குழந்தையோடு ஒருத்தி தங்க ஒரு கட்டில் உண்டா? எந்த மாதிரிப் பெண்ணை ஆலைக்கு எதிர்பார்க்கிறோம் என்பது கட்டடத்திலேயே தெரிந்துவிடுகிறது. 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1976 திருத்தத்திலிருந்தே தொழிற்சாலைச் சட்டத்தில் இருந்தது. 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் காப்பகம், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று 2017லும் சொன்னார்கள். முதல் ஷிப்டுக்குக் காலை ஐந்து மணிக்கே கம்பெனி பஸ் வந்துவிடும், ஒன்பது மணிக்குத் திறக்கும் காப்பகத்தை வைத்துக்கொண்டு அந்தத் தாய் என்ன செய்வாள்? ஷிப்டு நேரத்துக்குத் திறந்திருக்க வேண்டும், கம்பெனி பஸ்ஸில் குழந்தையையும் ஏற்ற வேண்டும். அதை யாரும் பேசுவதில்லை.

நிலம் கொடுக்கிறோம், கரண்ட் கொடுக்கிறோம், சலுகை கொடுக்கிறோம் என்று அரசு கம்பெனிகளோடு ஒப்பந்தம் போடும்போது, நேரடியாகவோ ஏஜென்சி மூலமோ ஆள் எடுக்கும்போது திருமண நிலையைக் கேட்கக் கூடாது என்று ஒரு வரி சேர்ப்பதற்குப் பெரிய சட்டத் திருத்தம் எதுவும் வேண்டாம். பங்குச் சந்தையில் இருக்கும் முதல் ஆயிரம் கம்பெனிகள் பெண் ஊழியர் எத்தனை, மகப்பேறு விடுப்பு முடிந்து எத்தனை பேர் வேலைக்குத் திரும்பினார்கள் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபிக்கு ஏற்கெனவே அறிக்கை தருகிறார்கள், ஆனால் அந்தத் திரும்பினவர் கணக்கில் நிரந்தரப் பணியாளர்கள் மட்டும்தான். ஒப்பந்தத் தொழிலாளியும், சந்தையிலேயே இல்லாத வெளிநாட்டுக் கம்பெனியின் கிளையும் அதில் வராது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் அந்த வராத கணக்கில்தான் இருக்கிறார்கள். மாநிலத் தொழிலாளர் துறை அந்தக் கணக்கைத் தனியாக வாங்கலாம், ஐந்து வருடத்துக்கு மேல் வேலையில் இருக்கும் பெண்கள் எத்தனை பேர் என்று மட்டும் ஒவ்வொரு ஆலையிலும் கேட்டால் போதும், மீதி தானாகத் தெரிந்துவிடும்.

கடைசியாக உங்களிடம் ஒன்று. மகளிர் தின இணைப்பு வந்த அதே வாரம் உங்கள் வரி விளம்பரப் பக்கத்தில் 'திருமணமாகாத பெண்கள் தேவை' என்று அலுவலக வேலைக்கும் கடை வேலைக்கும் விளம்பரங்கள் வந்திருந்தன. உங்கள் பத்திரிகையில் மட்டும் இல்லை, எல்லாப் பத்திரிகையிலும் வருகிறது. விளம்பரம் வாங்கும் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவரிடம், இனி அந்த ஒரு வார்த்தையை அடித்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள் சார்.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரி,
வாலாஜாபாத்.